ஆறேமுக்காலுக்குள் காட்டவேண்டிய பள்ளம்

எல்லப்பன் அண்ணனோடு ஆறு மாதம் ஒரே வீட்டில் குடியிருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். அவரைப் போலத் தங்கமான மனுஷனும் கிடையாது, அவரைப் போல என் உயிரை வாங்கியவரும் கிடையாது.

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் எங்கள் கம்பெனிக்கு அமெரிக்காவில், டென்னசியில், ஒரு பிளாண்ட் இருக்கிறது. அங்கே புது உற்பத்தி லைன் ஓட்டிக் கொடுக்க மூன்று பேரை அனுப்பினார்கள். மெயின்டனன்ஸுக்கு எல்லப்பன், புரோகிராம் போட சுபாஷ், அசெம்ப்ளிக்கு சாம்சனாகிய நான். விமானம் இறங்கியதும் நாங்கள் இரண்டு பேரும் கடிகாரத்தைத் திருப்பி வைத்தோம். அவர் கை வைக்கவில்லை. ஏனென்று கேட்டால், "கனகம் எப்ப எந்திரிக்கிறா, எப்ப பஸ் ஏறுறான்னு எனக்குத் தெரிய வேணாமா?" என்றார்.

கனகம் அவர் மனைவி. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் கம்பெனியில் முதல் ஷிப்ட். நாங்கள் அங்கே ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், இவர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்நேரம் பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருப்பா" என்பார். நான் குழம்பு ஊற்றுவேன். "இப்ப தண்டலம் தாண்டிருக்கும்" என்பார். ஆறு மாதமும் தினமும் அந்தக் கம்பெனி பஸ்ஸில் நானும்தான் போய்வந்தேன்.

வேலை முடிந்ததும் பத்து நாள் லீவு கிடைத்தது. டென்னசியிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வரை காரிலேயே போய் அங்கிருந்து விமானம் ஏறுவது என்று முடிவு செய்தோம். வழியில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், நிற்காமலும் போகலாம் என்றார் எல்லப்பன். கிராண்ட் கேன்யனில் மட்டும் நின்றே ஆகவேண்டும்.

காரணம் ஒரு காலண்டர். வல்லம் வடகாலில் கனகத்தின் அப்பா வீட்டு அடுப்பங்கரையில், உரக்கடைக்காரர் கொடுத்த காலண்டர் படம் ஒன்று ஒட்டியிருந்ததாம். செக்கச்செவேலென்று பெரிய பள்ளம். கல்யாணமாகி வரும்போது அதைப் பிய்த்துக்கொண்டு வந்து பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டார் கனகம். அது எந்த ஊர் என்று புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் தெரியாது. டென்னசி கேன்டீன் சுவரில் அதே படத்தை, கீழே கிராண்ட் கேன்யன் என்ற பெயரோடு, பார்த்த அன்று எல்லப்பன் தட்டைக் கீழே போட்டுவிட்டார்.

"வீடியோ எடுத்து அனுப்பிடுங்கண்ணா, சாயந்திரம் வந்து பாக்கட்டும்" என்றேன்.

"படம் வேணாம், படந்தான் எங்கிட்டயே கீதேன்றா. நா அங்க நிக்கும்போது அவளும் பாக்கணுமாம்."

கனகத்தின் கம்பெனியில் போனை உள்ளே விடமாட்டார்கள். ஆறேமுக்காலுக்குள் கேட்டில் லாக்கரில் போட்டுவிட வேண்டும். ஊரில் காலை ஆறேமுக்கால் என்றால் அந்தப் பள்ளத்தில் மாலை ஆறேகால். சூரியன் விழுவது ஆறு பத்துக்கு. மறுநாள் மதியம் எங்களுக்கு விமானம், அதனால் ராத்திரியே கிளம்பியாக வேண்டும். ஆக, அந்த ஒரு சாயங்காலம்தான். ஐந்து மணிக்கே போய்ச் சேர்ந்துவிடலாம் என்று காலையில் ஆல்புகர்க்கியிலிருந்து கிளம்பினோம். கனகம் ஒரு வாரமாக பஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

நான்தான் வண்டி ஓட்டினேன், சுபாஷ் பின்சீட்டில். பாதி வழியில் பெட்ரோல் போட நின்றோம். எல்லப்பன் காபி கப்போடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். காதைச் சாய்த்தார். அந்தச் சாய்ப்பு எனக்குத் தெரியும், பிளாண்டில் கோளாறான மெஷின் பக்கத்தில் நின்றால் அப்படித்தான் சாய்ப்பார்.

பம்புக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய பிக்கப் வண்டி. எண்பது வயது இருக்கும், ஒரு வெள்ளைக்கார அம்மா, கூட ஒரு நாய். பானட்டிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம், அப்புறம் ஆவி, அப்புறம் அமைதி. மெக்கானிக் வர மூன்று மணி நேரம் ஆகும் என்றான் கடைக்காரன்.

"அண்ணா, ஏறுங்க" என்றேன்.

"லைன் நின்னு கெடக்குது சாம்சா."

"அது நம்ம லைன் இல்லண்ணா."

காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பானட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுவிட்டார். பெல்ட் கழன்று தொங்கியது, அதை இழுத்துப் பிடிக்கும் சக்கரத்தின் போல்ட் ஆடியது. அந்த அம்மா இங்கிலீஷில் பேச, இவர் தமிழிலேயே பதில் சொன்னார். அந்த அம்மாவின் டூல்ஸ் பெட்டியில் ஸ்பேனர் எல்லாம் இஞ்சு அளவு, எங்களுக்குப் பழகிய மில்லிமீட்டர் இல்லை. போல்ட் தலையைக் கட்டைவிரலால் தடவி, ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு, நாலாவதில் பொருத்தினார். எங்கள் பிளாண்டில் பத்து நிமிஷம் லைன் நின்றால் மேனேஜர் வரை பதில் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கம் இந்த மனுஷனுக்கு ரத்தத்தில் ஊறிப்போய்விட்டது. நின்றுபோன எதையும் தாண்டிப் போகத் தெரியாது.

ஒன்றேகால் மணி நேரம் போனது.

கிளம்பியதும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். "ஊர்ல இருக்கிற ஓட்ட வண்டிக்கெல்லாம் நீங்கதான் பொறுப்பா? வூட்ல ஒருத்தி போன கையில வச்சுக்கினு குந்தினு இருக்கா, அது தெரியல?" அவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன் என்று எனக்கே உறுத்தியது.

பார்க் வாசலில் கார் வரிசை. அங்கே நிற்கும்போதே வெயில் மஞ்சளாகி, சிவப்பாகி, மலைக்குப் பின்னால் போய்விட்டது. வண்டியை நிறுத்திவிட்டு ஓடினோம். விளிம்பில் போய் நின்றபோது அவர் கடிகாரத்தில் ஆறு ஐம்பத்திரண்டு.

அப்பேர்ப்பட்ட பள்ளத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் சிவப்பு இல்லை. அடுப்புச் சாம்பல் மாதிரி நீலமும் கறுப்புமாகக் கிடந்தது. எல்லப்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "போச்சு சாம்சா, லாக்கர்ல போட்ருப்பா" என்றார். போனை எடுக்கக்கூட இல்லை. எனக்குத் தாங்கவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து உருவி நானே வீடியோ கால் போட்டேன்.

முதல் ரிங்கிலேயே கனகத்தின் முகம் வந்தது. பின்னால் சீட்டுக்குச் சீட்டு எட்டிப் பார்க்கும் தலைகள்.

"இன்னாக்கா, லாக்கர்ல போடலயா?" என்றேன்.

"பஸ்ஸு இன்னும் கேட்டுக்குள்ள போகலப்பா. டிரைவர் மண்ணாங்கட்டி அண்ணன் எறங்கி டயர்ல காத்து பாக்கறாரு. கால் மணி நேரமா பாத்துக்கினே கீறாரு." பின்னால் பெண்கள் சிரித்தார்கள்.

எல்லப்பன் போனை வாங்கிப் பள்ளத்துப் பக்கம் திருப்பினார். சிரிப்பு நின்றது.

"செவப்பு போயிடுச்சு கனகம்" என்றார். "லேட்டாயிடுச்சு." குரல் உடைந்துவிட்டது.

கனகம் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். பிறகு, "அப்டியே புடி. ஓரத்துல தெரியுதே, அது இன்னா உன் வெரல்ல? கிரீஸா?" என்றார் கனகம்.

அவர் விரலை மடக்கப் பார்த்தார்.

"யார் வண்டி?"

"வழில ஒரு அம்மா. தனியா இருந்தாங்க. பெல்ட்டு கயண்டுகிச்சு."

"ஓடிச்சா?"

"ஓடிச்சு."

"அப்புறம் இன்னாத்துக்குய்யா அழுவுற? செவப்பதான் நா இருபத்தி ரெண்டு வருஷமா பாக்கறனே. இந்தக் கலரு காலண்டர்ல இல்ல. நல்லா திருப்பு, பாக்கறேன்."

அவர் சட்டைக்கையால் கண்ணைத் துடைக்கப் போனார். போனை நான் வாங்கிக்கொண்டேன். பஸ்ஸைக் கிளப்பும் மண்ணாங்கட்டியின் ஹாரன் சத்தம் போனில் கேட்கும் வரை, அந்த இருட்டுகிற பள்ளத்தை இடமும் வலமுமாகக் கனகத்துக்குக் காட்டிக்கொண்டே நின்றேன்.