சிலி அன்ரியின் குரல்

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவின் படிப்புக்காக கிளேட்டன் என்ற வெளிநாட்டு ஊருக்கு வந்து, ஒரு மாடிக் கட்டடத்தில் குடியிருந்தோம். அங்கே ஸ்பானிஷ் பேசும் பெண்கள் இருவர் இருந்தார்கள். மேல்வீட்டு அன்ரி ஸ்பெயின்காரர். கனத்த குரல், ஒரே மட்டத்தில் போகும். பக்கத்து வீட்டு அன்ரி சிலியிலிருந்து புதிதாக வந்தவர். அவருடைய மெல்லிய குரல் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் சட்டென்று மேலே ஏறி அங்கேயே நிற்கும்.

மொழி தெரியாவிட்டாலும் அந்த ராகங்கள் எனக்குப் பிடிபட்டுவிட்டன. வாயில் வந்ததை உளறி இருவரைப் போலவும் மாறி மாறிப் பேசிக் காட்டுவேன். சிலி அன்ரியைப் போலப் பேசும்போதுதான் வீட்டில் சிரிப்பு அதிகம் கிடைக்கும்.

ஒரு சனிக்கிழமை, துணி காயப்போடும் கொடியடியில் சிலி அன்ரி கையில் கடிதத்தோடு மேல்வீட்டு அன்ரியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அன்று அந்தக் குரல் இன்னும் உயர ஏறி, நடுவில் உடைந்து, மறுபடியும் ஏறியது. நான் படிக்கட்டில் உட்கார்ந்து அதை மனப்பாடம் செய்துகொண்டேன்.

மாலையில் அப்பாவின் நண்பர்கள் வந்தார்கள்.

"எங்கை பிள்ளை, அந்தச் சிலி அன்ரி மாதிரிக் கதைச்சுக் காட்டும் பாப்பம்," என்றார் ஓர் அங்கிள்.

கதிரையில் ஏறி நின்று பேசினேன். குரல் உடைந்த இடத்தையும் விடவில்லை. அதை எழுதவே இப்போது கூசுகிறது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக அடங்கினார்கள். திறந்திருந்த வாசலில், அம்மாவின் பாத்திரத்தைத் திருப்பித்தர வந்த சிலி அன்ரி நின்றிருந்தார். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அம்மா குசினியிலிருந்து ஓடிவந்தார். "அந்த மனிசியின்ரை தம்பியைச் சிலியிலை ஆமிக்காரர் பிடிச்சுக்கொண்டு போட்டாங்களாம். இண்டைக்குத்தான் கடிதம் வந்தது. உனக்கு அது பகிடியே?"

மறுநாள் அம்மா என்னை அவர் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். அவருடைய செருப்பைப் பார்த்தபடி மன்னிப்புக் கேட்டேன். அவர் என் தலையைத் தடவி ஒரு பிஸ்கட் தந்தார். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அதன் பிறகு சிலி அன்ரி படிக்கட்டில் தன் மகளோடு பேசிக்கொண்டு வருவார். என்னைக் கண்டதும் குரல் இறங்கிவிடும். வாக்கியங்களின் முடிவு மேலே ஏறாது. ஒரு மாதம் போயும் அப்படியே இருந்தது. எனக்கு உண்மையாகவே கவலையாகிவிட்டது.

"அம்மா, சிலி அன்ரிக்கு இன்னும் தடிமனும் தொண்டைக்கட்டும் மாறேல்லைப் போல," என்றேன்.