பொலி சொல்ல ஆளில்லாத மலை

இலங்கையில் கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பராவில் பூரணி தனியாக இருக்கிறாள். வயது ஐம்பத்திரண்டு. புருஷன் இறந்து ஆறு வருஷம். ஒரே மகள் சுலக்ஷனா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். பூரணி பெரிய வாய்க்காரி. காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் அவள் வந்து நின்றால், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவே பேச்சைக் குறைத்துக்கொள்வார்.

போன வருஷம் தோட்டத்தில் பெரட்டை நிறுத்திவிட்டார்கள். இனி நாட்சம்பளம் இல்லை. ஆளுக்கு ஆயிரம் தேயிலைச் செடி. பறிக்கிற கொழுந்துக்கு மட்டும் காசு. மூன்று மாதம் பார்ப்பார்கள், ஒழுங்காகப் பறிக்காதவரின் செடி வேறு ஆளுக்குப் போய்விடும்.

"வேணாம்னு சொல்லலாம். சொல்லிட்டு எதைத் திங்கிறது?" என்று பூரணி கையெழுத்துப் போட்டாள். பயந்துகொண்டுதான் போட்டாள்.

அவளுக்குக் கிடைத்தது மலை உச்சி. கூட்டாளிகள் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து போனார்கள். வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். பேச ஆளே இல்லாத இடத்தில் வாய் இருந்து என்ன செய்ய?

முதல் நாள் கூடையை மாட்டிக்கொண்டு போனவளுக்குக் கை செடிக்குப் போகவில்லை. விளைச்சல் பெருகட்டும் என்று வாழ்த்தி, கங்காணி வீரய்யா "பொலியோ பொலி" என்று குரல் கொடுக்க, நிரையில் நிற்கிற எல்லோரும் "பொலி" என்று திருப்பிச் சொன்ன பிறகுதான் முதல் கொழுந்தைக் கிள்ளுவார்கள். முப்பத்தைந்து வருஷமாக அப்படித்தான். சொல்ல ஆளில்லாமல் எப்படித் தொடங்குவது? யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். கல்லில் உட்கார்ந்தாள். வெயில் ஏறிய பிறகு, ஏதோ திருடுகிறவள் போல அவசர அவசரமாகப் பறித்தாள்.

இப்படியே இரண்டு மாதம் போனது. பறிக்காத பக்கமெல்லாம் கொழுந்து முற்றிப்போனது. கொழுந்து நிறுக்கிற கணேசமூர்த்தி ஒருநாள் அவள் கூடையைப் பார்த்துச் சொன்னான்:

"என்னங்க பூரணியக்கா, இன்னைக்கும் பாதிக் கூடையா? அடுத்த மாசம் செடி கைய விட்டுப் போயிருங்க."

பூரணி வீட்டுக்கு வந்து அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் போன் எடுத்தபோது எல்லாவற்றையும் கொட்டினாள்.

"போன்ல பாட்டுப் போட்டுக்கிட்டுப் பறிங்கம்மா."

"பாட்டு திருப்பிப் பொலி சொல்லுமாடி?"

குவைத்துக்குப் போகும்வரை சுலக்ஷனாவும் அதே நிரையில் பறித்தவள்தான்.

"நான் இங்க தெனமும் அடுப்பப் பத்த வைக்கிறப்ப பொலின்னு சொல்லிக்கிறேம்மா. மூணு வருஷமாச்சு. யாரு திருப்பிச் சொல்றாங்க? ஆனாலும் சொல்றேன்."

பூரணி மூன்று வருஷமாக "சாப்பிட்டியா, காசு அனுப்பினியா" என்று மட்டுமே கேட்டிருக்கிறாள். மகள் யாரோடு பேசுகிறாள் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் மலைக்கு ஏறினாள். கிழக்கைப் பார்த்து, தொண்டை கிழிய "பொலியோ பொலி" என்று கத்தினாள். யாரும் திருப்பிச் சொல்லவில்லை. கொஞ்சம் நின்று, "பொலி" என்று அடுப்படியில் தனியே சொல்லும் மகளுக்கு அவளே திருப்பிச் சொன்னாள். பிறகு பறிக்கத் தொடங்கினாள்.

செடி இன்றைக்கும் அவளிடம்தான் இருக்கிறது. தினமும் இரண்டு தடவை பொலி சொல்கிறாள். கேட்க அங்கே ஒருவரும் இல்லை.