அழக்கூடாத பங்குனி

அண்ணாத்தே, உன்னைப் பெயர் சொல்லி நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. இப்போதும் அண்ணாத்தே என்றே கூப்பிடுகிறேன். நீ செத்துப்போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. உனக்காக நம் வீட்டில் யாரும் வாய்விட்டு அழவில்லை. அழக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நான் ஐந்தாவதோடு நின்றவள். எனக்குத் தெரிந்த மாதிரிதான் எழுத வரும். மற்றவர்களும் படிக்கவேண்டும், அதனால் இனி உன்னை அண்ணன், அவன் என்றே எழுதுகிறேன்.

எங்கள் வீடு அயனம்பாக்கம் ஏரிக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. அப்பா நான் சிறுபிள்ளையாக இருந்தபோதே போய்விட்டார். அம்மா முன்பெல்லாம் ஏரிப் பாசன வயல்களுக்கு நடவுக்கும் களை பறிக்கவும் போவாள். வயல்களை மனை போட்டு விற்கத் தொடங்கியதும் அதே மனைகளில் கட்டட வேலைக்குச் செங்கல் சுமக்கப் போனாள். அண்ணன் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டினான். அவன் வேலைக்குப் போன பிறகுதான் எங்கள் கூரைக்கு ஓடு வந்தது.

அந்த வருஷம் தை முடிகிற சமயத்தில் எனக்குக் காய்ச்சல் அடித்தது. பிறகு முகத்திலும் கையிலும் முத்து போட்டது. சின்ன அம்மையா பெரிய அம்மையா என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அப்படிப் பிரித்துச் சொல்வதில்லை. எதுவாக இருந்தாலும் ஆத்தா வந்திருக்கிறாள், அவ்வளவுதான். அம்மா வாசலில் வேப்பிலைக் கொத்தைச் செருகினாள்.

வேப்பிலை செருகிய வீட்டுக்குள் யாரும் வரமாட்டார்கள். உள்ளே இருப்பவர்களும் வெளியே போகக்கூடாது. தாளிக்கக்கூடாது. தலை வாரக்கூடாது. அரிவாள்மணையைத் தொடக்கூடாது. போகிறேன் வருகிறேன் என்ற பேச்சு கூடாது. என்ன நடந்தாலும் அழக்கூடாது, ஆத்தாவுக்குக் கோபம் வரும். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை மூன்று முறை இடைவெளி விட்டுத் தலைக்கு ஊற்ற வேண்டும். மூன்றாம் தண்ணீர் ஊற்றினால்தான் ஆத்தா இறங்கினாள் என்று கணக்கு.

அண்ணன் கம்பெனிக்குக் கிளம்பினான். அம்மா குறுக்கே நின்றாள்.

"எங்கடா கெளம்பிட்ட? ஆத்தா வூட்ல கீறப்போ கேட்ட தாண்டுவியா?"

"நம்ப வூட்டுக்கு ஏதும்மா கேட்டு? படலே பாதி இல்ல. சொல்லாம நின்னா சூப்பர்வைசர் சீட்ட கிழிச்சிருவாம்மா."

"கிழிச்சா கிழிக்கட்டும். அவன் பெருசா, ஆத்தா பெருசா?"

அண்ணன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். அதோடு நாங்கள் மூன்று பேரும் வீட்டுக்குள் அடைந்தோம்.

அவனுக்குக் கை சும்மா இருக்காது. முதல் நாள் முழுக்கத் தூங்கினான். மறுநாள் கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டான். அதற்கு அடுத்த நாள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனான். அங்கே கட்டட வேலையில் மிஞ்சிய உடைகல்லும் கருவேல முள்ளும்தான் கிடந்தது. நான் பின்வாசல் ஓரத்தில் வேப்பிலை பரப்பிய பாயில் படுத்துக்கொண்டு அவன் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாசி வெயில் அப்போதே சுட்டது.

பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தாள். எங்களோடு அந்த மாதங்களில் பேசியவள் அவள் ஒருத்திதான்.

"இன்னா தம்பி, பொதையல் தோண்டறியா?"

"ஆமாக்கா, உனுக்கும் ஒரு பங்கு கீது. வெத கிது இருந்தா குடேன்."

அவள் சுரை விதையும் வெண்டை விதையும் முளைக்கீரை விதையும் துணியில் முடிந்து வேலிமேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். அவள் தள்ளிப்போன பிறகு அண்ணன் எடுத்தான். மாசிப் பட்டத்தில் விதை போட்டால் பழுதில்லை என்று அம்மாவே மண்ணை உதிர்த்துவிட்டாள். வயல் வேலை நின்றதிலிருந்து அவள் மண்ணைத் தொட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கு மட்டும் கொஞ்சம் சிரித்தாள்.

என் தலையில் ஊற்றிய தண்ணீரை யாரும் மிதிக்கக்கூடாது. அதனால் சுரைக்குழி ஓரத்திலேயே என்னை உட்காரவைத்து ஊற்றினார்கள். மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் குழியில் இறங்கின. சுரைக்கொடி அப்படி ஓடியது.

பந்தல் கட்டிக் கொடி ஏற்றக் கயிறு வேண்டும். கடைக்குப் போகமுடியாது. அண்ணன் கம்பெனியிலிருந்து எப்போதோ ஒரு மூட்டை வேஸ்ட் கொண்டுவந்து போட்டிருந்தான். வேஸ்ட் என்றால் மெஷினில் எண்ணெய் துடைக்கிற கழிவு நூல். சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் சிக்கிப் பந்தாகக் கிடக்கும். அதைப் பிரித்து, நீள நூலாகப் பார்த்து எடுத்து, முடிச்சுப் போட்டு, மூன்று மூன்றாகப் பின்னிக் கயிறு திரித்தோம். அதுதான் எங்களுக்குப் பொழுதுபோக்கு. பகல் முழுக்க ஆளுக்கொரு சிக்கலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். யார் நூல் நீளம் என்று போட்டி வேறு. அப்படி உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது. அம்மை வந்த உடம்போடு நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

கை வலித்தால் தாயம். தரையில் கரியால் கட்டம் போட்டு, புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கி உருட்டுவோம். அவன் சுத்தமாக ஏமாற்றுவான்.

"அது தாயம் இல்ல அண்ணாத்தே! கைல தட்டிவுட்ட!"

"மூஞ்சி பூரா முத்த வெச்சிகினு பொய் சொல்லாதமே. ஆத்தா கண்ண குத்தும்."

"ஆத்தா எம்மேலதான் கீது. ஒன்னத்தான் குத்தும்."

"தழும்பு வுயுந்தா ஒன்ன எவன் கட்டிக்குவான்? தாயம் ஆடறவனா பாத்து ஒரு குருடன புடிச்சாரேன்."

நான் புளியங்கொட்டையை எடுத்து அவன்மேல் அடித்தேன். உள்ளேயிருந்து அம்மா "ஷ்!" என்றாள். ஆத்தா இருக்கிற வீட்டில் சிரிப்புச் சத்தமும் அவளுக்கு ஆகாது.

கீரை முழங்கால் உயரம் வந்தது. வெண்டை மொட்டு விட்டது. ஆனால் அரிவாள்மணையைத் தொடக்கூடாதே. கையால் கிள்ளலாமா என்று அண்ணன் கேட்டதற்கு அம்மா முறைத்தாள். கண்ணெதிரே கீரை முற்றித் தண்டாக நின்றது. நாங்கள் கூழும் மோரும் குடித்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பங்குனி பிறந்தபோது எனக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றினார்கள். வேப்பிலையை எடுக்கவேண்டிய நாள் அது. அண்ணன் என் ஈரத்தலையைத் தொட்டுப் பார்த்தான். அவன் கை கொதித்தது. சாயங்காலம் அவன் முதுகில் முத்து தெரிந்தது. அம்மா பழைய கொத்தைக் கழற்றிவிட்டுப் புதுக் கொத்தைச் செருகினாள்.

எனக்கு வந்தது விளையாட்டு. அவனுக்கு வந்தது வேறு. கண் இமைமேலும் தொண்டைக்குள்ளும் போட்டிருந்தது. முத்து கொஞ்சம் காய்ந்த மாதிரி தெரிந்தபோது இருமல் பிடித்தது. முதல் தண்ணீர் ஊற்றினோம். இருமல் நிற்கவில்லை. டாக்டரைக் கூப்பிடலாம் என்று நான் சொன்னேன். ஊசி போட்டால் ஆத்தா போகமாட்டாள், ஆளைக் கொண்டுபோவாள் என்று அம்மா சொன்னாள். அம்மாவின் தம்பியை அப்படித்தான் ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றிப்போனார்களாம். திரும்பி வரவில்லையாம். அவளுக்கு அந்தப் பயம் இருந்தது. இது எனக்கு இப்போது புரிகிறது. அப்போது புரியவில்லை.

இரண்டாம் தண்ணீர் ஊற்ற இருந்த நாளில், காலையில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"யம்மோவ்! அம்ம குத்தறவங்க ஜீப்ல வந்துக்கீறாங்க. வூடு வூடா பாக்கறாங்க!"

அம்மா ஓடிப்போய் வாசல் வேப்பிலையைப் பிடுங்கி அடுப்புக்குள் திணித்தாள். ஆத்தா இருக்கும்போது வேப்பிலையில் கை வைக்கக்கூடாது என்று எனக்குச் சொன்னவள் அவள்தான். பிறகு அண்ணனைத் தூக்கினாள். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். கொல்லையில் சுரைப்பந்தலுக்கு அடியில் படுக்கவைத்தோம். கொடி முழுதாக மூடவில்லை. சந்து தெரிந்த இடத்தில் அம்மா ஈரப்புடவையைக் காயப்போடுகிற மாதிரி போட்டாள். காலையில்தான் தண்ணீர் பாய்ச்சியிருந்தோம். அவன் முதுகுக்கடியில் சேறு.

"நைனா, சத்தம் போடாத. இட்டுகினு பூட்வாங்க" என்றாள்.

அவன் தலையாட்டினான். பக்கத்தில் கிடந்த வேஸ்ட் நூலை அள்ளி வாயில் வைத்து அடைத்துக்கொண்டான், இருமல் வெளியே வராமல் இருக்க. யாரும் அவனுக்கு அதைச் சொல்லவில்லை.

பெட்டியும் கையுமாக ஒருவர் வாசலில் நின்றார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

"வீட்ல யாருக்காவது அம்மை இருக்காம்மா?"

"யாருக்கும் இல்லீங்க. பொண்ணுக்கு வந்துச்சு, தண்ணி ஊத்தி எறங்கிருச்சு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "பையன் இருக்கானாமே?"

"கம்பெனிக்குப் போய்க்கீறான்."

நான் கொல்லைப் பக்கம் திரும்பாமல் நின்றேன். அவர் என்னவோ குறித்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் ஜீப் எங்கள் தெருமுனையிலேயே நின்றது. தெருப்பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி அம்மைத் தடுப்பு ஊசி குத்தினார்கள். ஒவ்வொரு பிள்ளையும் கத்துகிற சத்தம் கேட்டது. ஜீப் கிளம்புவதற்குள் வெயில் உச்சிக்கு வந்து சாய்ந்துவிட்டது. அதுவரை அவன் சேற்றிலேயே கிடந்தான். நாங்கள் போய்ப் பார்த்தபோது கண் திறந்திருந்தது. வாயிலிருந்து நூலை நான்தான் எடுத்தேன்.

அம்மா வாசலில் மறுபடி வேப்பிலைக் கொத்தைச் செருகினாள். அன்றிலிருந்து அவனுக்கு மூச்சு இழுத்தது. மூன்றாம் தண்ணீர் ஊற்ற நாள் வரவில்லை. ஒரு காலையில் அம்மா மோர் கொண்டுபோனாள். கொண்டுபோன கிண்ணத்தோடு திரும்பி வந்தாள். அவள் முகத்தைப் பார்த்து எனக்குத் தெரிந்துவிட்டது. நான் வாயைத் திறந்தேன். அவள் கிண்ணத்தைப் போட்டுவிட்டு என் வாயைப் பொத்தினாள். மோர் எங்கள் காலெல்லாம் வழிந்தது.

"அழாத. ஆத்தா இன்னும் வூட்லதான் கீறா. நீ ஒருத்திதான் மிச்சம். அழாத."

அவளும் அழவில்லை.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு எப்படியோ தெரிந்து வேலிக்கு வந்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். அம்மா கையை மட்டும் அசைத்தாள், போ என்கிற மாதிரி. அவள் போய்விட்டாள். உச்சிவேளைக்குள் எடுத்தார்கள். பறை இல்லை, சங்கு இல்லை, பூ இல்லை. பாயில் சுற்றி, மேலே வேப்பிலை போட்டு, சொல்லி அனுப்பி வந்த தூரத்து மாமாக்கள் இரண்டு பேரும் அவனோடு வேலை பார்த்த இரண்டு பேரும் தூக்கிப்போனார்கள். தெருவில் எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள்.

ஆத்தா கொண்டுபோனவனுக்குக் கருமாதி கிடையாது, திதி கிடையாது, அவன் அவளிடம் சேர்ந்துவிட்டான் என்று அம்மா சொன்னாள். வேப்பிலையை எடுத்தபிறகு துக்கம் கேட்க யாராவது வருவார்கள் என்று நான் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. எதிரே பார்த்தால் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். அம்மா மறுபடி செங்கல் சுமக்கப் போனாள். படம்கூட மாட்டவில்லை. அவனை ஒருநாளும் படம் எடுத்ததில்லை.

ஒருநாள் சோறு போடும்போது கேட்டேவிட்டேன்.

"அன்னிக்கு அந்தாளாண்ட காட்டிருந்தா பொழச்சிருப்பானா?"

அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு, "எனுக்குத் தெரிஞ்சா நான் இப்டி கீறனா?" என்றாள். தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்துபோனாள்.

அவள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அவளை விட்டால் எனக்கு யாரும் இல்லை என்பதும் தெரியும். இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரே அடுப்பில் சமைக்கிறோம். அவன் சாமியிடம் சேர்ந்திருந்தால் நல்லது. ஆனால் அவனை வழியனுப்ப ஒரு வார்த்தைகூட யாரும் சொல்லவில்லையே. ஒரு தேங்காய் உடைக்கவில்லை. ஒரு பிடி அரிசி வாயில் போடவில்லை. போகிற வழியில் அவன் திரும்பித் திரும்பிப் பார்த்திருப்பானோ என்று எனக்கு வருகிறது. நான் தனியாக வேண்டிக்கொள்வது போதுமா என்று தெரியவில்லை. என் வேண்டுதல் பாதியிலேயே கோபமாக மாறிவிடுகிறது.

அதனால் இதைப் படிக்கிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, இன்றைக்கு விளக்கு வைக்கும்போது என் அண்ணனுக்காகவும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவன் பெயர் உங்களுக்குத் தெரியவேண்டாம். இருமலை அடக்கிக்கொண்டு செத்துப்போன பிள்ளை என்று சொல்லுங்கள், சாமிக்குத் தெரியும். அவன் மூச்சு இழுக்காமல் நிம்மதியாக இருக்கவேண்டும் என்று எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள். அழ வந்தால் அழுங்கள். உங்கள் வீட்டில் அழலாம்.