பத்து கொடுத்தால் வண்டி, இல்லாவிட்டால் பஸ்

2004ஆம் வருடம், தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. திருச்சியில் காலை ஏழு மணிக்கு ஏறிய பஸ், எட்டரைக்குப் பெரம்பலூரில் இறக்கிவிட்டது. ரயில் இல்லாத ஊர் என்பதால் மாவட்டமே பஸ் ஸ்டாண்டில் நிற்பது போல ஒரு கூட்டம். அதற்கு வெளியே, டவுன் பஸ்ஸுக்குப் போட்டியாக, எங்கள் வண்டி நின்றது.

எங்கள் என்றால் என் லாத்தா ஜமீலாவுடையது. அக்காவை நாங்கள் லாத்தா என்போம். அவளும் கணவர் காதர் மச்சானும் மூன்று பெண் பிள்ளைகளும் என்னை ஊர் சுற்றிக் காட்ட லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்திருந்தார்கள். வண்டியில் எட்டுப் பேர் உட்காரலாம், நாலு சக்கரமும் இழுக்கும், ஏறுவதற்கென்று தனியாக ஒரு படி. துபாயில் பதினாலு வருடம் மளிகைக் கடையில் நின்றுவிட்டு, மூன்று மாதம் முன்பு ஒரேயடியாக ஊர் திரும்பிய மச்சான் வாங்கிய முதல் பொருள் அது. பழைய வண்டிதான். ஆனால் அதை அவர் காதுபடச் சொல்லக்கூடாது.

ஊரில் அதற்கு ஒட்டகம் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"ஒட்டகமாவது ஒரு தடவ குடிச்சா ஒரு வாரம் தாங்கும் ரஹ்மத்து. இது காலைல குடிச்சிட்டு சாயங்காலமும் கேக்குது" என்றார் மச்சான்.

டீசல் லிட்டர் இருபத்தைந்து ரூபாயைத் தொட்டுக்கொண்டிருந்த காலம். அன்றைக்குச் சோதனை வைத்திருந்தார். பெரம்பலூரில் டேங்க் வாய்வரை நிரப்புவது, சுற்றிவிட்டு அரியலூரில் மறுபடி வாய்வரை நிரப்பிப் பார்ப்பது. லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுத்தால் வண்டி வீட்டோடு இருக்கும். கொடுக்காவிட்டால் அரியலூர் புரோக்கரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு எல்லோரும் பஸ்ஸில் திரும்புவது. புரோக்கருக்குப் போனும் போட்டாயிற்று. லாத்தா ஆக்கி வைத்திருந்த பிரியாணிச் சட்டியைக்கூட, எடை கூடும் என்று வீட்டிலேயே இறக்கி வைத்துவிட்டு வந்திருந்தார். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஒன்பதரைக்கு வாலிகண்டபுரம். சென்னை சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் மச்சான் ஓட்டிய வேகத்தில் சைக்கிள்காரர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனார்கள். ஏசி கிடையாது. கையை வெளியே நீட்டினால் காற்று தடுக்குமாம், அதுவும் கூடாது. நான் சிவன் கோயில் கல்தூண்களைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது, லாத்தா வண்டியின் நிழலில் தனியாக நின்றிருந்தாள். காலையிலிருந்து அவள் வாய் திறக்கவே இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"வண்டி போயிடும் ரஹ்மத்து. போனா போவுதுன்னு இவரு பள்ளிவாசலு, கடைத்தெருன்னு கெளம்பிடுவாரு. நான் அடுப்படிக்குப் போயிடுவேன். மூணு புள்ளைங்கள இழுத்துக்கிட்டு பஸ்ஸுல நான் எங்க போறது? பதினாலு வருஷம் காத்துக் கெடந்துட்டு, இந்த மூணு மாசமாத்தான் இவரு கூட வெளிய வரேன்."

"மச்சான்கிட்ட சொன்னியா?"

"பத்து குடுக்குமான்னு கேக்குற மனுஷன்கிட்ட இத எப்புடி சொல்றது?"

எனக்குச் சங்கடமாகிவிட்டது. அதன் பிறகு நானும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, எடை இல்லாதவள் போல உட்கார்ந்து வந்தேன்.

மறுபடி பெரம்பலூர் வழியாக அரியலூர் தாண்டிக் கல்லங்குறிச்சிக்குப் போனோம். பெருமாள் கோயிலுக்கு வந்த வேன்களும் மாட்டு வண்டிகளும் வழியை அடைத்திருந்தன. மச்சான் வண்டியைத் திருப்பினார். நாலு டயரும் சேர்ந்து கீச்சென்று கத்தின. பூ விற்ற அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்.

"என்னத்தையோ இழுத்துக்கிட்டு வரீங்க, எறங்கிப் பாருங்க சார்" என்றார்.

"பெரிய வண்டின்னா அப்படித்தாம்மா கத்தும்" என்று மச்சான் சமாளித்தார்.

பன்னிரண்டரை மணிக்கு அரியலூர். தனி மாவட்டம் ஆக்கி, அடுத்த வருடமே திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டதால், எந்த மாவட்டம் என்று கடைப் பலகைகளுக்கே குழப்பமாக இருந்த சமயம். சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிய தூசியில் எல்லாப் பலகையும் ஒரே நிறம், அது ஒரு சௌகரியம். பங்கில் டேங்கை நிரப்பினார்கள். ஓடியது எழுபத்திரண்டு கிலோமீட்டர், குடித்தது ஒன்பது லிட்டர். எட்டு.

மச்சான் முகம் தொங்கிப்போனது. ஆசைப்பட்டு வாங்கியது அவர்தானே. பங்கிலேயே காத்திருந்த புரோக்கர் வெற்றிலையை மென்றுகொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"வண்டியக் குடுக்குறதுன்னா குடுங்க, என் வெல்வெட்டுத் துணிய நான் கழட்டிக்கிறேன்" என்று லாத்தா உள்ளே ஏறினாள். கியர் குச்சி இரண்டுக்கும் வண்டி வந்த அன்றே சிவப்பு வெல்வெட்டில் உறை தைத்து மாட்டியிருந்தாள். பெரிய குச்சியின் உறையைக் கழற்றிவிட்டு, பக்கத்திலிருந்த சின்னக் குச்சியின் உறையையும் உருவினாள். உருவியவள் குனிந்து பார்த்தாள்.

"ஏங்க, இதுல ரெண்டுன்னு ஒண்ணு போட்டிருக்கு, நாலுன்னு ஒண்ணு போட்டிருக்கு. நம்ம குச்சி நாலுல நிக்குதே?"

"அதெல்லாம் கம்பெனி டிசைனும்மா" என்றார் புரோக்கர், அவசரமாக. அந்த அவசரந்தான் எனக்கு உறைத்தது.

"மச்சான், மணல்லயும் சேத்துலயும் போறதுக்குத்தானே நாலு சக்கரம்? தார் ரோட்டுல ரெண்டு போதாதா?" என்றேன்.

மச்சான் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். துபாயில் முதலாளி இவரை ஒரு பெரிய வண்டியில் ஏற்றிப் போவாராம். "சின்னக் குச்சியத் தொடாதேன்னு அந்த அர்பாப் சொல்லிக்கிட்டே இருப்பாரு. அதான் நானும் தொடல" என்றார். விற்றவன் நாலில் போட்டு விட்டிருக்கிறான், இவர் மூன்று மாதமாக அரபி முதலாளிக்கு மரியாதை செய்துகொண்டிருந்திருக்கிறார். குச்சி எளிதில் வரவில்லை. வண்டியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தியதும் டக்கென்று இரண்டில் விழுந்தது.

"ஐயோ, மாஷா அல்லாஹ் அணைஞ்சிடுச்சு" என்றாள் லாத்தா.

கண்ணேறு படாமலிருக்க, மீட்டர் கண்ணாடியில் அவள் மாஷா அல்லாஹ் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள். அதன் ஓரத்தைக் கிள்ளிப் பார்த்தோம். கீழே, நாலு சக்கரமும் இழுக்கிறது என்று காட்டும் விளக்கு.

"பச்சையா மின்னுச்சே, ஃபாரின் ஸ்டிக்கருன்னு நெனச்சேன்" என்றாள். பங்கில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், புரோக்கரைத் தவிர. மச்சான் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார். இன்னொரு சோதனை பாக்கியிருக்கிறது என்றார்.

பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு, மூன்றரைக்குக் கிளம்பினோம். வளைவுகளில் டயர் கத்தவில்லை. ஸ்டீயரிங் லேசாகிவிட்டது என்று மச்சான் ஒரே பாட்டாகப் பாடிக்கொண்டு வந்தார். லாத்தா மட்டும் முன் இருக்கையில் துஆ ஓதிக்கொண்டிருந்தாள், மீட்டரைப் பார்க்காமல்.

பெரம்பலூர் பங்கு. ஓடியது முப்பத்து மூன்று கிலோமீட்டர். வாய்வரை நிரம்ப மூன்று லிட்டர் பிடித்தது.

"பதினொண்ணு" என்றார் மச்சான். "பத்து கேட்டேன், பதினொண்ணு குடுக்குது." தான் ஓட்டிய நேர்த்தி என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார், விட்டுவிட்டோம்.

திருச்சி பஸ்ஸுக்கு நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கப் போனேன். லாத்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மச்சான் பக்கம் திரும்பினாள்.

"திருச்சி எம்புட்டுத் தூரங்க?"

"அறுவதுக்குள்ளதான்."

"அப்ப போக அஞ்சரை லிட்டரு. வர அஞ்சரை லிட்டரு."

"ஒன்கிட்ட யாரு கணக்குக் கேட்டா?" என்று மச்சான் சாவியைத் திருகினார். "ரஹ்மத்து, கதவ நல்லா சாத்து."

வீட்டில் ஆறு பேருக்குப் பால் இருக்கிறதா, டம்ளர் இருக்கிறதா என்று கவலைப்பட்டுக்கொண்டே வந்தேன். பாடாலூர் தாண்டியதும் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். லாத்தா பின்னால் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒன் வூட்டுக் கதவு என்ன கலரு?" என்று கேட்டாள்.

நான் அந்த வீட்டில் குடித்தனம் வைத்து ஆறு வருடமாகிறது. அவள் இன்னும் பார்த்ததில்லை.