மூன்றடிச் சந்தும் மனுக்காரரும்

என் மனைவி குழாய் வேலை செய்கிறவள். நான் தையற்காரன். காலம் முழுக்க இஞ்ச் டேப்பைக் கழுத்தில் மாட்டித் திரிகிற நான், எங்கள் வீட்டை ஒட்டிய மூன்றடிச் சந்து பறிபோனதைப் பதினாலு வருஷம் கண்டுகொள்ளவில்லை. வெட்கக்கேடுதான், ஒத்துக்கொள்கிறேன்.

சந்தை மடக்கி வேலி போட்டவர் பக்கத்து வீட்டுக்காரர். தெருவிளக்கு எரியவில்லை, நாய் குரைக்கிறது என்று எதற்கெடுத்தாலும் மனு எழுதுவார். தெருவே அவரை மனுக்காரர் என்றுதான் கூப்பிடும். அவரிடம் வாய் கொடுப்பானேன் என்று சும்மா இருந்துவிட்டோம்.

வீட்டுக்குப் பின்னால் பட்டறை போட அவள் கிளம்பியபோதுதான் வினை வந்தது. இருபதடிக் குழாயை வீட்டுக்குள் திருப்ப முடியாது. சந்து ஒன்றுதான் வழி. வேலியை எடுக்கச் சொன்னால் மனுஷன் வழக்கே போட்டுவிட்டார்.

"பன்னெண்டு வருஷத்துக்கு மேல உங்க கண்ணு முன்னாடியே அனுபவிச்சிட்டேன். சட்டப்படி இனி என்னோடது!"

எங்கள் வக்கீல் உதட்டைப் பிதுக்கினார். "பத்திரம் வச்சுக்கிட்டு இத்தனை வருஷம் கேக்காம விட்டீங்களே. நடுவுல எப்பவாச்சும், இடம் உங்களோடதுன்னு அவரே ஒத்துக்கிட்டிருந்தா தப்பிக்கலாம்."

மறுநாளே என் மனைவி தன் வாஷர் டப்பாவோடு வந்து நின்றாள். அடியில் ஒன்பது வருஷத்துக்கு முந்தைய நகராட்சி நோட்டீஸ். அதோடு மனுக்காரரின் மனு நகல்.

அந்த வருஷ மழைக்குச் சந்திலிருக்கும் வடிகால் அடைத்து, அவர் சமையலறையில் தண்ணீர் புகுந்திருந்தது. கைக்காசு போடுவாரா அவர்? 'மேற்படி சந்து பக்கத்து வீட்டு அம்மாளுக்குச் சொந்தமானபடியால், அவரே தம் செலவில் அடைப்பெடுக்க உத்தரவிடவும்' என்று எழுதிவிட்டார். இவளும் மறுபேச்சில்லாமல் போய் எடுத்தாள். நான் அன்றைக்குக் குதித்தேன்.

"வேலி அவரோடது, அடைப்பு மட்டும் நம்மளோடதா? சூடு சொரணை இருக்கா உனக்கு?"

"நம்ம இடம், நம்ம வடிகால். நாமதான் பாக்கணும்," என்று நோட்டீஸைப் பத்திரப்படுத்தினாள்.

கோர்ட்டில் வக்கீல் மனுவை நீட்டி, "இது உங்க கையெழுத்துதானா?" என்றார்.

"பின்னே? வேற யாருக்கு இப்படி முத்து முத்தா எழுத வரும்?" என்றார் மனுக்காரர். சொன்ன பிறகுதான் படித்துப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

சந்து எங்களுடையது என்று தீர்ப்பானது. வேலி போனது. முதல் குழாயைத் தோளில் வைத்து, சுவரில் ஒரு கீறல் படாமல் அவள் கொண்டுபோனாள். இவள் என் பெண்டாட்டி என்று தெருவுக்கே கேட்கக் கத்த வேண்டும்போல் இருந்தது எனக்கு. கண் கலங்கியது.

அடுத்த மழைக்கு வடிகால் மறுபடி அடைத்தது. மனுக்காரர் குடையோடு வாசலில் வந்து தயங்கி நின்றார்.

"கொஞ்சம் வந்து பாக்குறீங்களாம்மா?"

அவள் ஏற்கெனவே கம்பியை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இதோ வரேன் சார். ஒரு மனு மட்டும் எழுதிக் குடுத்துடுங்க."