நான் நிறுத்திய படம்

1. மேலப்பாளையத்தில் தோழி ஆயிஷா வீட்டில் பழைய காதல் படம் பார்த்தோம்.
2. போருக்குப் போன கணவன் இறந்துவிட்டதாக நம்பி, நாயகி அவன் நண்பனை மணந்தாள்.
3. கணவன் உயிரோடு திரும்பினான்.
4. நான் படத்தை நிறுத்தி, “கொஞ்ச நாள் காத்திருக்க முடியலியாக்கும்? அவ்வளவுதான் பாசம்” என்று சிரித்தேன்.

ஆயிஷாவின் உம்மா எழுந்து அடுக்களைக்குப் போனார். வாப்பா மெல்லச் சொன்னார்.

“குவைத்துச் சண்டையில காணாமப் போன இவ முதல் மாப்பிள்ளை என் கூட்டாளி, பிள்ளே. அவனுக்காக இவ ஆறு வருசம் காத்திருந்தா. பெறவுதான் எங்களுக்கு நிக்காஹ். இன்னைக்கும் வாசல்ல யாரும் வந்தா முதல்ல எந்திச்சுப் பாக்குதா.”

அடுக்களை வாசலில் நின்று, “தப்பாப் பேசிட்டேன், உம்மா” என்றேன்.

“டிவிய அமத்திரு” என்றார், திரும்பாமல்.

அதன்பின் இரண்டு முறை போயிருக்கிறேன். சோறு போடுகிறார். என்னோடு பேசுவதில்லை.