ஆடியில் எடுத்த கடைக்கால்

கலியாணமான நாளிலிருந்து காத்தாயி டவுன் மேஸ்திரிகளிடம் சித்தாளாக இருந்தாள். புருஷன் மதுரைவீரன் கொத்தனார். சாந்துச் சட்டியோடு காத்து நிற்கும் நேரங்களில் வேலை எங்கே கெடுகிறது என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். செங்கல் வந்து இறங்கிய பிறகுதான் மணலுக்கு வண்டி தேடுவார்கள். மணல் வரும்போது கொத்தனார் வேறு ஊரில் இருப்பான்.

1977இல் வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்து ஊர்க் கூட்டுறவுச் சங்கம் உரக் கிடங்கு கட்டும் வேலையை மதுரைவீரனிடம் கொடுத்தது. ஆள் சேர்ப்பதும் சாமான் எடுப்பதும் காத்தாயிதான் என்பது சங்கத் தலைவர் கிருஷ்ணமூர்த்திக்குத் தெரியும். காத்தாயியின் தெருக்காரர்களுக்கு, எந்த மேஸ்திரிக்கும் கீழே நிற்காமல் கிடைத்த முதல் வேலை அது. கெட்டால் எல்லோரும் பழையபடி டவுனுக்குப் போய்க் கைகட்டி நிற்க வேண்டும்.

"ஆவணி பொறக்கட்டும், நாள் பாத்துக் கடைக்கால் எடுங்க" என்றார் தலைவர்.

"ஆடியிலேயே எடுத்துடறோங்க" என்றாள் காத்தாயி.

"ஆடியில எவனாவது கடைக்கால் எடுப்பானா? வூடு வெளங்குமா?"

"வூடு இல்லீங்களே. உர மூட்டைதானே குடி வரப்போவுது. மூட்டைக்கு ஆடி ஏது, ஆவணி ஏது?"

சங்கத்துக் கணக்கர் சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை. அவள் விடவும் இல்லை. மண் சாந்தில் எழும்பும் சுவர். ஐப்பசி மழைக்கு முன் ஓடு ஏறாவிட்டால் கரைந்து உட்கார்ந்துவிடும். ஆவணியில் களையெடுப்புக்குப் போய்விட்டால் சித்தாள் கிடைக்க மாட்டாள். ஓடையில் தண்ணீர் வந்தால் மணலும் இல்லை. வேறு யாரும் கட்டடம் தொடங்காததால் ஆடியில்தான் வண்டியும் சூளையும் சும்மா கிடக்கின்றன.

"ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

"நான் பதில் சொல்றேங்க." தலைவர் அரைமனதாகத் தலையாட்டினார்.

மணலும் செங்கல்லும் வந்து குவிந்த பிறகே அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் வெட்டச் சொன்னாள். திடீர் மழைக்குச் சுவரின் தலையை மூடப் பனையோலை வாங்கி அடுக்கினாள். ஒரு வண்டிக்காரன் வராவிட்டால் இருக்கட்டும் என்று இன்னொருவனிடமும் பேசி வைத்தாள்.

"ஆடியில புதுப்பொண்ணையே தாய்வூட்டுக்கு அனுப்பறோம். இவ செவுத்தக் கொண்டாந்து நிறுத்தறா" என்று வழியில் போனவர்கள் பேசினார்கள்.

சுவர் ஆள் உயரம் தாண்டியதும் சாரம் கட்டினார்கள். ஆடி முடியவில்லை. ஒரு காலை, சாரத்தின் ஒரு முனை இறங்கியது. மதுரைவீரன் விழுந்தான். கணுக்கால் முறிந்தது.

"ஆடி வேலையக் காட்டிடுச்சு, அண்ணி" என்றான் இன்னொரு கொத்தனார் வைரக்கண்ணு. கரண்டியைக் கழுவி வைத்துவிட்டான். சித்தாள்களும் சும்மாட்டை உதறினார்கள்.

தலைவர் வந்தார். கோபமாக இல்லை.

"நான் அப்பவே சொன்னேன். சரி, போவட்டும். மாசத்துக் கோளாறுன்னு சங்கத்துல எழுதிக்கறேன். ஆவணியில பூசை போட்டுத் திரும்ப ஆரம்பிங்க. உங்க மேல தப்பில்ல."

அப்படியே தலையாட்டியிருந்தால் வேலையும் போகாது, பேரும் கெடாது. சரிந்த சாரத்திலிருந்து காத்தாயி கயிற்றை உருவினாள். இரண்டு கையாலும் இழுத்தாள். அறுந்தது.

"ஆடி இல்லீங்க, கயிறு. மழைக்கு ஓலை வாங்கினவ இதுக்குப் பழசு போதும்னு எடுத்துட்டேன். தப்பு என்னுதுதான். மாசத்து மேல எழுதாதீங்க."

"உன்னைக் காப்பாத்தத்தான் சொல்றேன், காத்தாயி."

"வேலை நின்னா யாரு காப்பாத்துவாங்க?"

அவர் சைக்கிளை எடுத்தார்.

மூங்கில் பட்டை வைத்துக் கட்டிய காலோடு வீட்டில் கிடந்தான் மதுரைவீரன். "சாமி குத்தம்னு சொல்லிட்டுப் போயேன். உனக்கு ஏன் புள்ள இந்த வம்பு?"

"சாமி குத்தம்னு சொன்னா நாளைக்கும் அந்தக் கயித்தத்தான்யா கட்டுவானுவ."

பஸ் ஏறிப் பெரம்பலூர் போய்ப் புதுக் கயிறு வாங்கி வந்தாள். வைரக்கண்ணு முணுமுணுத்துக்கொண்டே கட்டினான். கட்டி முடித்ததும் அவள் சேலையை வரிந்துகொண்டு சாரத்தில் ஏறினாள். அந்தப் பக்கத்தில் பெண்கள் சாரம் ஏறியதில்லை. ஒவ்வொரு முடிச்சுக்கு மேலும் நின்று மிதித்து ஆட்டினாள்.

"அண்ணி, இறங்குங்க. நீங்க ஆட்டுற ஆட்டுல செவுரு விழுந்துடப்போவுது" என்றான் வைரக்கண்ணு. கரண்டியை எடுத்துக்கொண்டு அவனே மேலே வந்தான்.

அதன் பிறகு தினமும் அவள் மிதித்துப் பார்த்த பிறகே மற்றவர்கள் ஏறினார்கள்.

ஐப்பசி பிறக்கும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. கடைசி வரிசை ஓடு அப்போதுதான் ஏறியிருந்தது. தலைவர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார். மூலையில் ஓரிடத்தில் சொட்டியது.

"ஒழுகுதே."

"ரெண்டு ஓடு மாத்தணும். மழை விட்டதும் மாத்தறேன். செவுரு நனையல, பாருங்க."

அவர் சுவரைத் தொட்டுப் பார்த்தார். 

"பக்கத்து ஊர் சங்கத்துலயும் ஒரு கெடங்கு வேணுங்கறாங்க. உங்களைச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க. எந்த மாசம் ஆரம்பிக்கறதுன்னு மட்டும் நான் சொல்றேன்."